ஒட்டி வளர்ந்ததெல்லாம் இரட்டையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கவட்டை மாதிரிப் பிரிந்த குவாட்ஸ் பளிங்கு ஒன்றை ‘ஜப்பான் இரட்டை’ என்று சொல்லி விற்றார்கள். உண்மைதானா என்று வீட்டிலேயே பார்க்கலாமா? துருக்கறையை எப்படி எடுப்பது?
– வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டு பளிங்குகள் ஒட்டி வளர்ந்தால் மட்டும் இரட்டை ஆகாது, ஒரு விதிப்படி நிலையான கோணத்தில் இணைந்திருக்க வேண்டும். ஜப்பான் விதி எனப்படும் முறையில் இரு கரங்களின் நெட்டச்சுகளும் (நீளவாட்டு நடுக்கோடுகள்) 84 பாகை 33 கலையில், அதாவது ஏறத்தாழ எண்பத்து நாலரைப் பாகையில், சந்திக்கும். கல்லுக்குக் கல் இது மாறாது. அகன்ற முகம் கீழே இருக்கத் தாளில் வைத்து, கரங்களின் விளிம்பைக் கோடிட்டுப் பாகைமானியால் அளவுங்கள். ஒன்றிரண்டு பாகை பென்சில் பிழை. 75, 90 என்று வந்தால் ஜப்பான் இரட்டை அல்ல. கரம் கூம்பியிருந்தால் விளிம்பு ஏமாற்றும். அப்போது முகத்திலுள்ள குறுக்கு வரிகளுக்குச் செங்குத்தாகக் கோடு கீறி அளவுங்கள்.

கோணம் மட்டும் போதாது. வெளிச்சத்தில் சாய்த்தால் இரு கரங்களின் அகன்ற முகங்களும் ஒரே கணத்தில் மின்ன வேண்டும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால், ஈர்க்கில் ஓலை சேர்வது போல வரிகள் நடுக்கோட்டில் சாய்ந்து சந்திக்கும். அந்த இடம் தேய்ந்து மழுங்கி, குமிழியும் தெரிந்தால் வெட்டி ஒட்டியது. 365 நனோமீற்றர் புறஊதா ரோச் லைற்றில் பல எப்பொக்சிப் பசைகள் நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிராவிட்டால் பசை இல்லை என்று முடிவெடுக்காதீர்கள்.

கறைக்கு 1 லீற்றர் நீரில் 50 கிராம் ஒட்சாலிக் அமிலம், மூடியுள்ள பிளாஸ்ரிக் பாத்திரம், 2 முதல் 5 நாள். யாழ்ப்பாணத்தில் கல் கெடுவது இங்கேதான். நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. அதிலுள்ள கல்சியம் அமிலத்தோடு சேர்ந்து கல்சியம் ஒட்சலேற்றாகி, வரிகளுக்குள் வெள்ளையாகப் படியும். பிறகு எவ்வளவு கழுவினாலும் போகாது. கரைக்கவும் அலசவும் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். பற்றரித் தண்ணீர் சரி, பற்றரி அசிற் அல்ல. எத்தனை நாள் அமிலத்தில் இருந்ததோ, அத்தனை நாள் நீரை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். அமிலம் நஞ்சு: கையுறையும் கண்கவசமும் கட்டாயம், அடுப்பில் சூடாக்கவே கூடாது. கழிவில் நுரை அடங்கும்வரை அப்பச்சோடா போடுங்கள். பளிங்கு ஒட்டியிருக்கும் அடிக்கல்லில் கல்சைற் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்) இருந்தால் இந்த முறையே வேண்டாம்.

கேள்வி: உப்பளப் பாத்தியில் எடுத்த, மீன்வால் போன்ற கண்ணாடிப் பளிங்கைக் கழுவலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அது ஜிப்ச இரட்டையாக இருக்கும், கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படிகிறது. பின்பக்கம் நகம் பட்டால் கீறு விழுகிறதா பாருங்கள். வெறும் தண்ணீர் ஆகாது. லீற்றருக்கு 2 கிராமுக்கு மேல் ஜிப்சம் கரையும், முகத்தின் மினுக்கம் போய்விடும். உப்பை அப்படியே விட்டாலும் ஈரம் இழுத்துக் கசியும். 1 லீற்றர் வடித்த நீரில் 10 கிராம் பிளாஸ்ரர் ஒஃப் பரிஸ் போட்டு, இடையிடையே கலக்கி, ஒரு நாள் விட்டுத் தெளிந்ததை வடிகட்டுங்கள். ஏற்கெனவே ஜிப்சம் கரைந்து நிறைந்த நீர் என்பதால் பளிங்கை அது அரிக்காது. அதில் தோய்த்து, மெல்லிய தூரிகையால் துடைத்து, துணியால் உடனே ஒற்றுங்கள். துளி காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: இரத்தினபுரிக் கல் ஒன்று, ஆறு பக்கத் தட்டு. கிறிசோபெரில் இரட்டையா, கொரண்டமா?
– வாசகர், நல்லூர்

பதில்: கொரண்டம் என்பது மாணிக்கம், நீலக்கல்லின் கனிமம்; கிறிசோபெரில் வேறொரு இரத்தினக் கனிமம். இரண்டுக்கும் அடர்த்தி வேறு, நிறுத்துப் பாருங்கள். காற்றில் 7.40 கிராம், நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு 5.41 என்றால் வித்தியாசம் 1.99. 7.40ஐ அதால் வகுத்தால் 3.72, அதாவது நீரைப்போல் அத்தனை மடங்கு அடர்த்தி: கிறிசோபெரில். கொரண்டம் 4.00க்குக் கிட்ட வரும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் குறைந்து, கொரண்டமே கிறிசோபெரிலாகத் தெரியும். நிறுக்க முன் தூரிகையால் தட்டி விடுங்கள்.