நிற்கும் நேரத்துக்கான கதகதப்பு

கேள்வி: உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் சென்ற ஆண்டு அடிப்படைப் பயிற்சியை முடித்தேன். அங்கே உபகரணங்களை அவர்களே கொடுத்துவிட்டதால், எதையும் நானாகத் தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லை. வரும் ஆகஸ்டில் லடாக்கிலுள்ள காங் யாட்சே 2 சிகரத்துக்கு நண்பர்களுடன் போகிறேன். அது நல்லபடியாக முடிந்தால் ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்திலுள்ள ஸ்பிதிக்குப் போய் உறைந்த அருவிகளில் ஏறிப் பழக ஆசை. கடையில் இரண்டு டவுன் ஜாக்கெட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 800 ஃபில் பவர், உள்ளே 100 கிராம் டவுன். மடித்தால் கைக்குள் அடங்குகிறது. மற்றது 650 ஃபில் பவர், 220 கிராம் டவுன், பருமனானது. விலையில் பெரிய வேறுபாடில்லை. எண் கூடினால் கதகதப்பும் கூடும் என்று கடைக்காரர் சொல்கிறார். எதை வாங்கலாம்? எங்கள் வீட்டில் புலால் உண்பதில்லை. பறவையின் இறகில் செய்ததா என்று அம்மா வருத்தப்படுகிறார். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் உடம்புக்குப் பொருந்துமானால் அந்தப் பருமனான 650 ஜாக்கெட்டையே வாங்குங்கள். அது ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அடுத்த முறை யாரையும் கேட்காமல் நீங்களே தேர்ந்தெடுக்க அது உதவும்.

டவுன் என்பது வாத்து, கூஸ் போன்ற நீர்ப்பறவைகளின் வெளி இறகுகளுக்கு அடியில், தோலை ஒட்டி வளரும் மென்மயிர். பழந்தமிழில் இதற்குத் தூவி என்ற அழகான சொல் இருக்கிறது; அன்னத்தின் தூவியால் மெத்தை செய்த செய்தியும் நம் பழைய பாட்டில் உண்டு. நானும் தூவி என்றே எழுதுகிறேன். தூவிக்குத் தானாக வெப்பத்தை உண்டாக்கும் ஆற்றல் கிடையாது. அதன் நுண்ணிய இழைகள் எல்லாத் திசையிலும் விரிந்து, தம் இடையே காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கின்றன. அசையாத அந்தக் காற்றுதான் உங்கள் உடம்பின் வெப்பம் வெளியே போகாமல் காக்கிறது. ஆகவே ஒரு ஜாக்கெட் எவ்வளவு காற்றைப் பிடித்து வைக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஃபில் பவர் என்பது ஓர் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதைச் சொல்லும் எண். அது தூவியின் தரத்தைக் காட்டும். ஜாக்கெட்டுக்குள் எவ்வளவு தூவி இருக்கிறது என்பதைக் காட்டாது. நீங்கள் பார்த்த இரண்டையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 800 தரத்தில் 100 கிராம் தூவி முழுவதும் விரிந்தால் ஏறக்குறைய 46 லிட்டர் இடத்தை அடைக்கும். 650 தரத்தில் 220 கிராம் தூவி 82 லிட்டருக்கும் மேல் அடைக்கும். இவை ஆய்வகக் கணக்குகள்; தைத்த ஜாக்கெட்டுக்குள் இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் விரியும். ஆனாலும் விகிதம் பெரிதாக மாறாது. அந்தச் சிறிய ஜாக்கெட்டுக்கு மேல் அதைப் போல் இன்னொன்றின் முக்கால் பங்கையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் என்ன கிடைக்குமோ, கிட்டத்தட்ட அதுதான் உங்களுக்குப் பருமனான ஜாக்கெட்டில் கிடைக்கிறது. ஒரே அளவு கதகதப்பைக் குறைந்த எடையில் தருவதே 800 தரத்தின் சிறப்பு. எனவே தூவியின் எடை, ஃபில் பவர் இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் எந்த ஜாக்கெட்டையும் மதிப்பிடாதீர்கள். எடையைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம். சீட்டில் 90/10 என்று இருந்தால் நூற்றில் 90 பங்கு தூவி, 10 பங்கு சிறகு என்று பொருள். 70/30 என்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி, அந்த ஜாக்கெட்டை எப்போது அணிவீர்கள் என்பதைப் பார்ப்போம். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது, பலரும் இதில்தான் தவறுகிறார்கள். காங் யாட்சே 2 சிகரத்தின் உயரம் 6,200 மீட்டருக்கு மேல். அடிவார முகாம் ஏறக்குறைய 5,000 மீட்டரில் இருக்கிறது. வழக்கமாக நள்ளிரவை ஒட்டிப் புறப்படுவார்கள். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, முகாமில் -5 டிகிரி இருந்தால் உச்சியை நெருங்கும்போது -12 டிகிரி இருக்கும். அங்கே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் அடித்தால், மூடாத தோலுக்கு அது -22 டிகிரி குளிராகவே தெரியும். இருந்தும் நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும் வரை குளிர் உங்களை அதிகம் வாட்டாது, ஏனென்றால் சரிவில் உழைக்கும் உடம்பு சும்மா இருக்கும் உடம்பைப் போல் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. பனிச்சரிவின் தொடக்கத்தில் காலணிக்கு அடியில் மாட்டும் முட்பற்களான கிராம்பானைக் கட்ட நிற்கும்போதும், கயிற்றில் இணைய முறைக்குக் காத்திருக்கும்போதும், மூச்சு வாங்கும் நண்பருக்காகக் கால் மணி நேரம் உட்காரும்போதும்தான் அந்த வெப்பம் சட்டென்று நின்றுபோகிறது. தூவி ஜாக்கெட் அந்த நேரங்களுக்கானது. நடக்கும்போது தெர்மல் உள்ளாடை, ஃப்ளீஸ் என்ற மென்மையான செயற்கை இழைச் சட்டை, காற்றைத் தடுக்கும் மேலாடை ஆகிய மூன்றும் போதும். நின்றவுடன், எதையும் கழற்றாமல், எல்லாவற்றுக்கும் மேலாக ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். மீண்டும் நடக்கத் தொடங்குமுன் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மணாலிக்கு மேலே உள்ள ஃபிரெண்ட்ஷிப் சிகரத்துக்குப் போன இரவில், கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது இருந்த நடுக்கத்தில் ஜாக்கெட்டைக் கழற்ற மனமில்லாமல் அதனுடனேயே ஏறத் தொடங்கினேன். இரண்டு மணி நேரத்தில் முதுகும் அக்குளும் வியர்வையில் நனைந்து, உள்ளே இருந்த தூவி ஈரப் பஞ்சைப் போல் சுருண்டுவிட்டது. விடியுமுன் மேட்டில் காற்று எழுந்தபோது என்மேல் இருந்தது வெறும் இரண்டு அடுக்கு நைலான்தான். உடன் வந்தவர் தம் உபரி ஃப்ளீஸைக் கொடுத்துக் கீழே அழைத்து வந்தார். அன்றிலிருந்து, கூடாரத்தை விட்டு நகர்ந்த முதல் 10 நிமிடம் குளிரட்டும் என்று பொறுத்துக்கொள்கிறேன்; நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூவி ஜாக்கெட்டை மலைக்குக் கொண்டுபோனவர்களில் முன்னோடியான ஜார்ஜ் ஃபிஞ்ச் ஒரு வேதியியலாளர் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. கம்பளியும் ட்வீடும் அணிந்து எவரெஸ்ட்டுக்குப் போன 1922-ஆம் ஆண்டுக் குழுவில், அவர் மட்டும் பலூன் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை வைத்துத் தைத்த கோட்டை எடுத்துச் சென்றார். உயர்முகாமில் புயல் அவரையும் உடன் ஏறியவர்களையும் மடக்கிக் கூடாரத்துக்குள் அடைத்துப்போட்டது. அதற்குப் பிறகும் அவரும் ஜெஃப்ரி புரூசும் ஏறக்குறைய 8,300 மீட்டர் வரை ஏறினார்கள். அதே ஃபிஞ்ச்தான் 1950-களில் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார்.

ஜாக்கெட்டின் தையலையும் கவனியுங்கள். வெளித்துணியையும் உள்துணியையும் ஒன்றாக அழுத்தித் தைத்திருந்தால், தையல் ஓடும் இடத்தில் தூவியே இருக்காது. அந்தக் கோடுகளின் வழியே குளிர் உள்ளே வரும். இரண்டு துணிகளுக்கும் நடுவே சிறு சுவர்கள் வைத்து, தூவியைப் பெட்டி பெட்டியாக அடைத்திருந்தால் அந்தக் குறை இல்லை. ஆனால் விலையும் எடையும் கூடும். ஆகஸ்ட் மாத லடாக்குக்கு முதல் வகையே போதும். துணியின் இழைத்தடிமனை டெனியர் எண்ணால் குறிப்பார்கள். 10 டெனியர் துணி பட்டுப்போல இருக்கும், கிராம்பானின் ஒரு பல் உரசினால் கிழிந்துவிடும். 20 அல்லது அதற்கு மேல் உள்ளதைப் பாருங்கள். கிழிந்தால் ஒட்டுவதற்கு நைலான் ஒட்டுத்துணித் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடைக்கு நீங்கள் வெறும் சுடிதாருடன் போகக் கூடாது. ஃப்ளீஸையும் மேலாடையையும் அணிந்து, கயிற்றை இணைக்கும் இடுப்பு வாரான ஹார்னஸையும் ஹெல்மெட்டையும் மாட்டி, அவற்றுக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள். கடையில் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்; பார்க்கட்டும். பெரும்பாலும் நீங்கள் வழக்கமாக அணிவதைவிட ஓர் அளவு பெரியதே பொருந்தும், ஏனென்றால் இறுக்கமான ஜாக்கெட்டுக்குள் தூவி விரிய இடமிருக்காது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கும்போது இடுப்பு திறந்துவிடக் கூடாது, மணிக்கட்டும் வெளியே தெரியக் கூடாது. ஜாக்கெட்டின் தலைமூடியான ஹூட், ஹெல்மெட்டை மூடிய பிறகும் தலையை இருபுறமும் திருப்ப முடிய வேண்டும். ஹூட் இல்லாத ஜாக்கெட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஜிப் கீழிருந்தும் திறக்க வேண்டும், அப்போதுதான் பிலே கொடுக்கும்போது, அதாவது ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காக்கும்போது, ஹார்னஸின் முன்வளையமும் கயிறும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். தடித்த கையுறையுடன் அந்த ஜிப்பை இழுத்துப் பாருங்கள். உட்பக்கம் வலைத்துணியில் பெரிய பை இருந்தால் மிகவும் நல்லது. தண்ணீர்க் குப்பியும் உபரிக் கையுறையும் உறையாமல் அதில் இருக்கும்.

நனைந்த தூவி பயன்படாது என்று சொன்னேன். லே நகரில் ஆண்டு முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான் மழை பெய்யும் என்பதால் லடாக் தூவிக்கு ஏற்ற நிலம். ஆனால் அதே லேயில் 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு வந்து ஊரின் பல பகுதிகளை அடித்துச் சென்றது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பைக்குள் ஜாக்கெட்டை எப்போதும் நீர்புகாத உறையில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் உத்தரகண்டிலோ மணாலிப் பக்கமோ ஏறுவதாக இருந்தால், பாலியெஸ்டர் இழை நிரப்பிய செயற்கை ஜாக்கெட்டையே பரிந்துரைத்திருப்பேன். ஈரத்திலும் அது ஓரளவு கதகதப்பைக் காக்கும். ஆனால் அதே கதகதப்புக்குக் கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும், அடிக்கடி மடித்து அழுத்தினால் தூவியைவிட விரைவில் தட்டையாகியும்விடும்.

உங்கள் அம்மாவின் வருத்தத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். சந்தையில் கிடைக்கும் தூவியில் பெரும்பகுதி, இறைச்சிக்காக வளர்க்கப்படும் பறவைகளிடமிருந்து உபபொருளாகக் கிடைப்பது. உயிருள்ள பறவையிடமிருந்து பிடுங்காமலும், பறவைக்கு வலிந்து தீனி திணிக்காமலும் பெறப்பட்டது என்று சான்றளிக்கும் ஆர்டிஎஸ் என்ற தரமுத்திரை 2014 முதல் இருக்கிறது. வாங்குவதாக இருந்தால் அந்த முத்திரை உள்ளதையே வாங்குங்கள். ஆனால் அந்தப் பறவை கொல்லப்படவில்லை என்று அந்த முத்திரை சொல்வதில்லை. அம்மாவிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், தடித்த செயற்கை ஜாக்கெட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, பையில் கூடும் எடையை ஏற்றுக்கொள்ளலாம். காங் யாட்சேக்கு அது தாராளமாகப் போதும். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் என்றால் லேயில் வாடகைக்கு எடுப்பதும் ஒரு வழி. அப்படி எடுக்கும்போது ஜாக்கெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தூவி கட்டிகட்டியாக ஒதுங்கியிருக்கிறதா என்றும், புழுங்கல் வாடை வீசுகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பிதி வேறு கணக்கு. அங்குள்ள காசா என்ற ஊர் 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஜனவரி இரவுகளில் குளிர் -20 டிகிரிக்கும் கீழே இறங்கும். உறைந்த அருவிகள் பெரும்பாலும் வெயில் எட்டாத நிழலில்தான் இருக்கும். அங்கே துணைவர் ஏறி முடிக்கும் வரை நீங்கள் கயிற்றைப் பிடித்தபடி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், மேலிருந்து பனித்துகளும் சிலவேளை நீரும் தெறிக்கும். இந்த 650 ஜாக்கெட்டு மட்டும் அதற்குப் போதாது. அடியில் மெல்லிய செயற்கை ஜாக்கெட்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். 800 ஜாக்கெட்டை வாங்கியிருந்தால் அங்கே இதைவிடத் தடித்த இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டியிருக்கும்.

கோவைக்குத் திரும்பிய பின் ஜாக்கெட்டை அதன் சிறு உறைக்குள் அமுக்கி வைக்காதீர்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் தூவி விரியும் திறனை இழந்துவிடும். அலமாரியில் தொங்கவிடுங்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காதபடி அவ்வப்போது காற்றாட வையுங்கள். துவைக்க வேண்டி வந்தால் தூவிக்கென விற்கும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பெரிய வாளியில் அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். நனைந்த ஜாக்கெட்டைத் தோளைப் பிடித்துத் தூக்கினால் நீரின் கனத்தில் உள்ளே தையல் அறுந்துவிடும், ஆகவே அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துக் குழந்தையை ஏந்துவதுபோல் எடுக்க வேண்டும். பிறகு நிழலில் விரித்து, இரண்டு மூன்று நாள், கட்டிகளை விரலால் உதிர்த்து உதிர்த்துக் காய வையுங்கள்.