போட்டி மாதங்களில் வெயிட் தூக்குவதை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 15, எடை 50 கிலோ. பள்ளி வாலிபால் அணியில் ஸ்பைக்கர், அதாவது வலையருகே எம்பிப் பந்தை அடிப்பவள். கோடை விடுமுறையில் வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போனாள். முன்பைவிட நன்றாக எம்புகிறாள். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, இப்போது மாவட்டப் போட்டிக்குத் தயாராகிறாள். “சீசன் முடியும்வரை வெயிட் தூக்காதே, கால் கனத்துப்போகும்” என்கிறார் பி.இ.டி. சார். “வெயிட் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்” என்கிறார் மாமியார். இதற்கிடையே முட்டிக்குக் கீழே வலி என்கிறாள் மகள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும். எதைக் குறைப்பது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

சார் சொல்வதில் பாதி உண்மை. கோடையில் செய்த அளவையே இப்போதும் செய்தால் கால் கனக்கத்தான் செய்யும். வழக்கத்துக்கு மேல் வேலை வாங்கிய தசையில் வலி மறுநாள் தொடங்கி 72 மணி நேரம் வரை இருக்கும். ஆனால் அடியோடு விட்டாலும் சிக்கல். சேர்த்த பலம் மூன்று, நான்கு வாரம் தாங்கும், பிறகு இறங்கத் தொடங்கும். எம்பும் வேகம் அதற்கு முன்பே மங்கலாம். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் ஜெயிக்க ஜெயிக்க நீண்டுகொண்டே போகும். முதல் கட்டத்திலேயே ஜிம்மை விட்ட அணி, கடைசிக் கட்டத்துக்கு இருப்பதிலேயே குறைந்த பலத்தோடுதான் போய் நிற்கும்.

எனவே தூக்கும் எடையை அப்படியே வைத்துக்கொண்டு, தூக்கும் எண்ணிக்கையை வெட்டுங்கள். கோடையில் 30 கிலோவில் எட்டு எட்டாக மூன்று செட் ஸ்குவாட் (எடையைத் தாங்கியபடி உட்கார்ந்து எழுவது), வாரம் மூன்று நாள் செய்தாள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 72 முறை. இப்போது அதே 30 கிலோவில் ஐந்து ஐந்தாக இரண்டு செட், வாரம் இரண்டு நாள் போதும். மொத்தம் 20 முறை. ஒவ்வொரு செட்டையும் முடிக்கும்போது இன்னும் இரண்டு, மூன்று முறை தூக்கலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். “சீசன்தானே, லைட்டாகப் பண்ணு” என்று 10 கிலோவில் 25 முறை செய்ய வைப்பார்கள். அதில் பலமும் நிற்காது, களைப்பும் சேரும்.

ஒரு நாளைய பயிற்சி 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. எட்டுப் பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு, ஸ்குவாட். பிறகு டம்பெல்லைப் பிடித்தபடி முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்தல்; இது தொடையின் பின்தசைக்கு. ஒரு புஷ்-அப், டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுக்கும் ஒரு பயிற்சி. கடைசியில், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுத்தல். ஸ்பைக்கரின் தோளுக்கு இதை விடக் கூடாது. பெட்டி மேல் தாவும் பயிற்சிகளை இப்போது எடுத்துவிடுங்கள். ஆட்டத்திலும் பிராக்டிஸிலும் எம்புவதே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். ஜிம் மாஸ்டர் புதிதாக ஏதாவது கற்றுத்தர ஆசைப்பட்டாலும் சீசன் முடியட்டும் என்று சொல்லிவிடுங்கள். பழகாத பயிற்சிதான் காலை அதிகம் வலிக்க வைக்கும்.

எந்த நாளில் செய்வது? சனிக்கிழமை போட்டி என்றால் திங்களும் புதனும். போட்டிக்கு முந்தைய 48 மணி நேரத்தில் காலுக்கு வெயிட் வேண்டாம். ஓய்வு நாளில் ஜிம்முக்கு அனுப்புவதைவிட, மைதானப் பயிற்சி இருக்கும் நாளிலேயே, அது முடிந்த பிறகு செய்வது நல்லது. அப்போதுதான் ஓய்வு நாள் ஓய்வு நாளாக இருக்கும். ஒரே நாளில் இரண்டு, மூன்று ஆட்டம் ஆடி வரும் வாரத்தில் ஒரு முறை செய்தாலே போதும். அடுத்த கட்டத்துக்கு இரண்டு, மூன்று வாரம் இடைவெளி கிடைத்தால், முதல் வாரம் மட்டும் மூன்று செட்டாக ஏற்றிக்கொள்ளலாம்.

வளர்த்தி நிற்கும் என்ற பயம் தேவையில்லை. சரியான மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி எலும்பின் வளர்ச்சித் தட்டைக் கெடுப்பதாகச் சான்று இல்லை. பெரும்பாலும் அடிபடுவது யாரும் பார்க்காதபோது “எவ்வளவு தூக்க முடியும் பார்ப்போம்” என்று போட்டி போடும்போதும், எடை கைநழுவி விழும்போதும்தான். தவிர, பெண் குழந்தைகள் பூப்படைந்த பிறகு பொதுவாகச் சில சென்டிமீட்டரே வளர்வார்கள். உங்கள் மகள் 12 வயது வாக்கில் பூப்படைந்திருந்தால் வளர்த்தி ஏறக்குறைய முடிந்திருக்கும், அவள் ஜிம்முக்குப் போனாலும் போகாவிட்டாலும்.

என் கவலையெல்லாம் அந்த முட்டி வலிதான். விரலால் அழுத்திப் பாருங்கள். முட்டிச்சில்லின் கீழ்நுனியில் வலித்தால் அது பெரும்பாலும் அடிக்கடி எம்புவதால் தசைநாணில் வரும் வலி. அதற்கும் கீழே, முன்காலெலும்பில் புடைத்த மேட்டில் வலித்தால் வளரும் வயதில் வருவது. 15 வயதுப் பெண்ணுக்கு அது சற்றுக் குறைவு. இரண்டிலும் முழு ஓய்வு தேவைப்படுவது அரிது, எம்பும் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும். பிராக்டிஸில் ஸ்பைக் அடிப்பதைப் பாதியாக்கி, மீதி நேரம் சர்வும் பாஸும் பழகட்டும். இதைச் சாரிடம் நீங்களே பேசுங்கள். பிள்ளைகள் சொல்லத் தயங்குவார்கள்.

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்வதுபோல 30 முதல் 45 விநாடி அசையாமல் நிற்பதை, இடையே ஒரு நிமிடம் விட்டு நான்கைந்து முறை செய்யலாம். பலருக்கு இதில் வலி தணியும். பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை பழைய அளவுக்குத் திரும்பினால் தொடரலாம். கூடினால் அடுத்த முறை ஒரு செட்டைக் குறையுங்கள். எம்பி இறங்கும்போது இரு முட்டிகளும் உள்பக்கமாகச் சாய்கின்றனவா என்று முன்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு மூட்டுத் தசைநார் கிழிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சாய்ந்தால், இரு காலிலும் மெல்ல, சத்தமில்லாமல் இறங்கிப் பழகுவதை ஒவ்வொரு நாளும் வார்ம்-அப்பில் சேர்க்க வேண்டும்.

சாப்பாட்டில் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய 12 கிராம் கிடைக்கும். மீதி பருப்பிலும் மீன், கோழியிலும் சேர்ந்துவிடும். புரதப் பவுடர் வாங்க வேண்டாம். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது; பரீட்சை நெருங்கும் வாரங்களில் முதலில் வெட்டப்படுவது அதுதான். மாதவிடாய் நாட்களில் அவளால் முடிந்தால் பயிற்சி செய்யலாம். மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போனாலோ, எப்போதும் சோர்வாக இருந்தாலோ மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முட்டி வீங்கினாலும், பூட்டிக்கொண்டதுபோல மடங்காமல் நின்றாலும், நடக்கும்போது நொண்டினாலும், இரவில் வலியால் விழித்தாலும் சீசன் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.