தொண்ணூறைத் தொட்டால் உதறும் ஸ்டீயரிங்
வாகனப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரி வாசகர்: 62,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் கார், முன்சக்கர இழுவை, அலாய் வீல். ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் ஒரு குறையும் தெரியவில்லை. ஈரோடு போகும்போது அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் 85-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறுகிறது, 110-இல் கொஞ்சம் அடங்குகிறது. இரண்டு முறை வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றுமுழுக்கச் சமன்செய்வது), ஒரு முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தாயிற்று. இப்போது முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஷாக் அப்சார்பர் தளர்ந்தால், பள்ளத்தில் இறங்கிய வண்டி இரண்டு மூன்று முறை குதித்துத்தான் அடங்கும். ஒரு வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டியதும் குறைகிற உதறலுக்கு அது காரணமாகாது; ஏற்கெனவே இருக்கும் உதறலைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். அலைன்மென்டும் அப்படியே. கோணம் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். உதறலுக்கு அலைன்மென்ட் செய்வது பெரும்பாலும் வீண் செலவு.

உங்கள் அறிகுறி சக்கரத்தைத்தான் காட்டுகிறது. 14 அங்குல ரிம்மின் விளிம்பில் ஓரிடத்தில் 20 கிராம் அதிகமிருந்தால், 90 கி.மீ. வேகத்தில் அது சுமார் இரண்டே முக்கால் கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும், அதுவும் நொடிக்கு ஏறக்குறைய 14 தடவை. வேகம் பாதியானால் விசை கால்வாசிதான். மேட்டுப்பாளையம் இறங்கும் வரை 40, 45-க்கு மேல் போக வழியில்லாததால் இந்தக் குறை மலையில் ஒளிந்தே கிடக்கும்.

சக்கரம்தான் என்று உறுதி செய்ய இரண்டு சோதனைகள் உண்டு. நேரான, காலியான சாலையில் 90-இல் போகும்போது ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்கு மாற்றுங்கள். என்ஜின் சுற்று ஏறியும் உதறல் அதே அளவில் இருந்தால் என்ஜின் மவுன்ட்டை (என்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்) சந்தேகிக்க வேண்டாம். அடுத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, எடுத்ததும் அடங்கினால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டில் கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. இரண்டிலும் மாற்றமில்லை என்றால் சக்கரம்தான். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து, அதை யாரும் செய்யாதீர்கள்.

இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் ஏன் போகவில்லை? மலை வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது ரிம்மின் உட்புறம். மழைக்காலத்தில் எஸ்டேட் பாதையில் ஏறும் செம்மண் அங்கே அப்பிக்கொண்டு காய்ந்து கெட்டியாகிவிடும். வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் அது போகாது. அந்த மண்ணோடு பேலன்ஸ் செய்தால் மண்ணுக்குச் சேர்த்து வெயிட் ஒட்டுவார்கள். நாலு நாளில் ஒரு கட்டி உதிர்ந்ததும் கணக்கு மொத்தமும் தவறிவிடும். சக்கரத்தைக் கழற்றி, உட்புறத்தைப் பிரஷ் போட்டுக் கழுவி, பழைய வெயிட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பூஜ்யத்திலிருந்து செய்யச் சொல்லுங்கள். ஹப்பும் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) ரிம்மும் ஒட்டும் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அங்கே ஒரு மணல் பருக்கை சிக்கினாலும் சக்கரம் சாய்வாக உட்காரும்.

பேலன்சிங் மெஷின் அருகிலேயே நில்லுங்கள். ஒரே சக்கரம் 60, 70 கிராம் கேட்டால் கோளாறு எடையில் இல்லை, டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது. டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்த்தால் பல சமயம் தேவை பாதியாகக் குறையும். மெஷின் எடையைத்தான் அளக்கிறது, வட்டத்தை அல்ல. வளைந்த ரிம்மும் திரையில் பூஜ்யம் காட்டிவிட்டுச் சாலையில் உதறும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்குகிறோம், வடிகால் கல்லில் ரிம் இடிக்கிறது. அடி பெரும்பாலும் உள்விளிம்பில் விழுவதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செங்கல் மேல் ஒரு பென்சிலை வைத்து, முனையை ரிம் விளிம்புக்கு மிக அருகில் கொண்டுபோய் இடைவெளியைக் கவனியுங்கள். அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. டயரில் ஓரிடம் மட்டும் மேடாகத் தெரிந்தால் உள்ளே கம்பி அடுக்கு பிரிந்துவிட்டது என்று பொருள். அந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், வெடிக்கலாம். அப்படியே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை இணைப்பு) தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் ஆட்டும்போது இருந்தால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை).

இதிலும் பிடிபடவில்லையா? முன்சக்கரங்களை அதே பக்கப் பின்சக்கரங்களோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். உதறல் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்கும் தரைக்கும் நகர்ந்தால் குற்றவாளி அந்தச் சக்கரங்களில் ஒன்று. ஸ்டீயரிங்கிலேயே நின்றால் ஹப், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர்), டிரைவ் ஷாஃப்ட் என்று தேட வேண்டும். அலாய் வீலைத் தனியாக வாங்கி மாட்டியிருந்தால், நடுத்துளை ஹப்பை இறுக்கிப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். இடைவெளி இருந்தால் சரியான அளவு வளையம் போட வேண்டும். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) முடியுங்கள்.

கொடைக்கானல் வாசகர்: வத்தலக்குண்டு பாதையில் இறங்கி முடிக்கும் நேரத்தில் பிரேக் மிதித்தால் பெடலும் ஸ்டீயரிங்கும் அதிர்கின்றன. மிதிக்காவிட்டால் எந்த வேகத்திலும் அமைதி. பேலன்சிங் செய்யலாமா?

பதில்: பேலன்சிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன் பிரேக் டிஸ்கின் கனம் சுற்றுமுழுக்க ஒரே அளவில் இல்லை. 0.02 மி.மீ. வித்தியாசம்கூடக் காலுக்குத் தெரியும். இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே வந்து, கீழே டீக்கடையில் பெடலை மிதித்தபடி நிறுத்தினால், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடு கொதித்து, அதன் பொருள் டிஸ்கில் ஓரிடத்தில் மட்டும் படிந்துவிடும். தொடக்கம் இதுதான். டிஸ்கைக் கடைசல் பிடிக்கலாம். ஆனால் குறைந்தபட்ச கனம் டிஸ்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனால் மாற்றுவதே முறை, அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதிர்வு திரும்பும். பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஊசி (பின்) இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இனி இறங்கும்போது இரண்டாம் கியர், பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள், தொடர்ந்து தேய்க்காதீர்கள். ஈரச் சாலையில் சட்டென்று மிதிக்கும்போது மட்டும் பெடல் துடித்தால் அது ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்வது, குறை அல்ல.

குன்னூர் வாசகர்: பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப், பின்சக்கர இழுவை. கிளட்ச் வேலைக்காகப் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) கழற்றி மாட்டிய பிறகு 60-க்கு மேல் தரை அதிர்கிறது.

பதில்: மாட்டியதில்தான் தவறு. ஷாஃப்ட்டின் இரு முனைகளில் உள்ள பிளவுபட்ட கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிச் செருகினாலும் அதிரும். மீண்டும் கழற்றி நேராக்கி, யூ.ஜே. கிராஸில் (முனையிலுள்ள சிலுவை வடிவ இணைப்பு) ஆட்டம், சென்டர் பேரிங் ரப்பரில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை கழற்றும் முன் பெயின்ட்டில் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊட்டி வாசகர்: இங்கே 33 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு கோவை இறங்கினால் அழுத்தம் மாறுமா? அதனால் உதறல் வருமா?

பதில்: சுமார் 2,240 மீட்டரிலிருந்து 400 மீட்டருக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் கேஜ் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். 10 டிகிரி குளிரிலிருந்து 30 டிகிரிக்குப் போவதால் அதே அளவு ஏறவும் செய்யும். கணக்கு நேராகிவிடும், உதறல் வராது. வெப்ப வித்தியாசம் குறைவான நாளில் கீழே ஒருமுறை அளந்து சரிசெய்யுங்கள், டயர் ஆறிய பிறகு. வாரக்கணக்கில் குளிரில் நின்ற கார் முதல் 15, 20 கி.மீ. லேசாகத் தடதடப்பது டயர் தட்டையாகிப் படிந்ததால்; சூடானதும் போய்விடும். போகவில்லை என்றால் டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. அவ்வளவு பழைய டயரின் ரப்பர் இறுகியிருக்கும், பேலன்ஸ் செய்து பயனில்லை, மாற்றிவிடுங்கள்.