சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இறைச்சியை அடியோடு விட வேண்டுமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், வீட்டில் யாருக்கோ இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ஏறியிருக்கும். "கறியைத் தொடவே கூடாது" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் மருத்துவர் இல்லை, அசைவத்துக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. சைவமாகவே இருப்பவர்கள் அப்படியே இருக்கலாம், யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

அப்பாவுக்கு அப்போது 60 கிலோ எடை. டயாலிசிஸ் தேவைப்படாத கட்டம். எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் போதும் என்றார்கள், அதாவது நாளுக்கு 36 முதல் 48 கிராம். சமைத்த கோழி 100 கிராமிலேயே 25 கிராமுக்கு மேல் வந்துவிடும். அளவு பார்த்துச் சின்னத் துண்டாகக் கொடுத்திருக்கலாம். நான் பயந்துபோய் முட்டை வரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் வினை. வாரம் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கழிவோடு சேர்ந்து புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்களும் வெளியே போய்விடுகின்றன. அதனால் புரதத் தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை ஏறிவிடும். இதை எங்களிடம் யாருமே சொல்லவில்லை. பழைய உணவுப் பட்டியலையே நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தே மாதத்தில் அப்பாவின் சட்டை தோளை விட்டு வழிந்தது. 3.5-க்கு மேல் இருக்க வேண்டிய அல்புமின் என்ற இரத்தப் புரதம் 2.9-க்கு வந்திருந்தது. உணவியல் நிபுணர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஐயாவைப் பட்டினி போட்டிருக்கீங்களேம்மா" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

அப்புறம் அவர் சொன்னபடி செய்தோம். தினமும் முட்டையின் வெள்ளைக்கரு (கெட்டுப்போன சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள்கருவில்தான் இருக்கிறது). கோழியோ மீனோ நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவோம். பாஸ்பரஸும், அதே மாதிரி உடம்பில் தங்கிவிடும் பொட்டாசியமும் ஓரளவு அதோடு போய்விடும். சூப்புக்கு இடமே இல்லை. ஈரல் வேண்டாம். சாசேஜ் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சி வேண்டவே வேண்டாம், உப்பு மட்டும் காரணம் இல்லை. அதில் சேர்க்கிற பாஸ்பேட்டில் (பாஸ்பரஸ் உள்ள உப்பு) இருக்கும் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுவதும் உடம்பில் ஏறிவிடும். சாதாரண இறைச்சியில் உள்ளதில் பாதியளவுதான் ஏறும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டயாலிசிஸ் நாட்களில் இரண்டு மணி நேரம் தாமதமாக வர அலுவலகத்தில் அனுமதி கேட்டேன். "இது இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார் மேலாளர். அப்பா இருக்கும்வரை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் வந்துவிட்டேன்.

சரி, உங்கள் விஷயம். டயாலிசிஸ் நடக்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. பதிலே அதை வைத்துத்தான் மாறும், முதலில் அதைச் சொல்லுங்கள். இன்னும் தொடங்கவில்லை என்றால், கிரியாட்டினின் பரிசோதனைக்கு முந்தின இரவு கறி வேண்டாம். சமைத்த இறைச்சியே அந்த எண்ணைக் கொஞ்ச நேரத்துக்கு ஏற்றிக் காட்டும். அப்படி ஒரு தடவை ஏறிய எண்ணைப் பார்த்துத்தான் நான் முட்டையைக்கூட நிறுத்தினேன்.