பொம்மை தேயட்டும், பல் தேயக் கூடாது

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

எங்கள் லாப்ரடார் குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிறது. செருப்பு, மிதியடி, நாற்காலிக் கால் எதையும் விட்டுவைப்பதில்லை. ஒரே மாதத்தில் நான்கு பொம்மைகள் வாங்கிவிட்டோம்; எதுவும் மூன்று நாளைத் தாண்டவில்லை. உடையவே உடையாத பொம்மை ஏதேனும் உண்டா, டாக்டர்?
— வாசகி, காட்பாடி

உங்கள் குட்டி செய்வது சேட்டை அல்ல. அதற்குப் பல் முளைக்கிறது. நாய்க்குட்டிக்கு இருக்கும் 28 பால்பற்களும் ஏறக்குறைய மூன்றரை, நான்கு மாதத்தில் விழத் தொடங்கி, ஏழு மாதம் நிறைவதற்குள் 42 நிலைப்பற்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு தினவெடுப்பதால் குட்டி எதையாவது கடித்துக்கொண்டேதான் இருக்கும். பொம்மையில் அரிசி மணி போன்ற ஒரு பல்லோ, வெளிறிய ரத்தக் கறையோ கண்டால் பதற வேண்டியதில்லை.

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே உடையாத பொம்மையைத்தான் கேட்கிறார்கள். கடைக்காரரும் கல்லைப் போன்ற நைலான் எலும்பையோ, காய்ந்த மாட்டுக் குளம்பையோ எடுத்து நீட்டுகிறார். (சிலர் மான்கொம்பும் கேட்கிறார்கள். புள்ளிமான், கடமான் கொம்புகளை விற்பதும் வாங்குவதும் நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயின் பல்லுக்கும் அவை ஆகாது.) உடையாத பொருளை நாய் விடாமல் கடித்தால் உடைவது பல்தான். மேல்தாடையின் இருபுறமும் கத்தரியின் அலகு போல நிற்கும் பெரிய கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம், செங்கல்லின் ஓரம் சில்லாகப் பெயர்வதைப் போலப் பெயர்ந்து வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு பக்கமாகவே மென்று தின்னும். சில மாதங்கள் கழித்துக் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கிய பிறகுதான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவரும்.

ஆகவே கடையில் பொம்மையைக் கையில் எடுத்ததும் கட்டைவிரல் நகத்தை அதில் அழுத்திப் பாருங்கள். நகம் சற்றே பதிந்து, எடுத்தவுடன் தடம் மறைந்தால் அது நல்ல ரப்பர். நகம் பதியவே இல்லையென்றால், அல்லது அதை உங்கள் முழங்காலில் தட்டிப் பார்க்கவே உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நகத்தால் சுரண்டும்போதே துகள் உதிர்ந்தால் அதுவும் வேண்டாம். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பாருங்கள்; பெயிண்ட், மண்ணெண்ணெய் போன்ற நெடி அடிக்கும் பொம்மையை நாயின் வாயில் வைக்க வேண்டிய அவசியம் என்ன?

உங்கள் குட்டிக்கு என் முதல் தேர்வு உள்ளே குழிவான இயற்கை ரப்பர் பொம்மை. இந்த வகைக்கு ஒரு சுவையான பிறப்புக் கதை உண்டு. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர் வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்டு, கற்களைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் தம் ஃபோக்ஸ்வாகன் வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு ரப்பர் உதிரிப் பாகத்தை அது ஆசையோடு கவ்விக்கொண்டதைக் கண்டுதான் அவர் ‘காங்’ பொம்மையை உருவாக்கினார். இப்போது அதே வடிவத்தில் பல நிறுவனங்கள் செய்கின்றன. எதை வாங்கினாலும் இரண்டு பக்கமும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே துளை உள்ள பொம்மையில் நாக்கு உள்ளே போனால் காற்று வெளியேறி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும்பாடு. குட்டிகளுக்கென்று வரும் மென்மையான ரப்பரை இப்போது வாங்கி, நிலைப்பற்கள் வந்தபின் சற்றே தடிமனானதற்கு மாறுங்கள். பொம்மை முழுவதும் வாய்க்குள் அடங்கி, கோரைப் பல்லைத் தாண்டிப் பின்னே போகும் அளவில் இருந்தால் அது சிறியது. வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் பெரிய நாயின் வாயைக் கணக்கில் கொண்டு வாங்க வேண்டும்.

வெறும் ரப்பரைக் கண்டு குட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடும். அதற்குள் ஆறிய கேழ்வரகுக் களியோடு உப்பில்லாமல் வேகவைத்த கோழியையோ, மசித்த பூசணியையோ பிசைந்து அடைத்து, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் சில மணி நேரம் வைத்துக் கொடுத்துப் பாருங்கள்; நம் ஊர் மே மாதத்து வெயிலில் அரை மணி நேரம் அதை விட்டு நகராது. வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் டப்பாவின் பின்புறத்தைப் படித்து, சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; அது நாய்க்கு நஞ்சு. விளையாடி முடித்ததும் பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவாவிட்டால் மறுநாள் காலை எறும்புகள்தான் அதோடு விளையாடிக்கொண்டிருக்கும்.

ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். கழித்துப் போடும் தோல் துண்டுகளை எங்கள் நாய்க்குக் கொண்டுவந்து தருகிறேன். வாரக்கணக்கில் தாங்குகிறது, செலவும் இல்லை. கடையில் விற்கும் முடிச்சுப் போட்ட தோல் எலும்பும் இதுவும் ஒன்றுதானே?
— வாசகர், ஆம்பூர்

ஒன்றல்ல. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் டேனரிகள் இருக்கும் பகுதியில் இந்தக் கேள்வி இத்தனை நாள் வராததே எனக்கு வியப்பு. உங்கள் கம்பெனிக்கு வரும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிட்டது. டேனரியில் ‘வெட் புளூ’ என்று சொல்கிறார்களே, அந்த நீல நிறம் குரோமியம் தந்தது. அதன் மேல் சாயம், மெருகுப் பூச்சு, ஷூ தைக்கும் இடத்தில் பசை என ஒவ்வொன்றாக ஏறுகின்றன. காலில் போடுவதற்காகச் செய்யப்பட்ட பொருளை எச்சில் ஊற ஊற மாதக்கணக்கில் மெல்லத் தரக் கூடாது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல்தானே என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். எப்படிப் பதனிட்டாலும், அழுகாமலிருக்கச் செய்த தோல் வயிற்றிலும் எளிதில் கரையாது; விழுங்கிய துண்டு குடலில் போய் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, தோல் வாசனை கடிப்பதற்கு உரியது என்று நீங்களே பழக்கிவிட்டு, நாளைக்கு வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக் கடித்ததற்காக நாயைத் திட்டுவது நியாயமாகாது.

கடையில் விற்கும் தோல் எலும்பு பதனிடாத தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கிய தோலை இரண்டாகப் பிளந்து, மேல் அடுக்கைப் பதனிடவும், கீழ் அடுக்கை வெளுத்துக் காயவைத்து இதுபோன்ற பண்டங்கள் செய்யவும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சிறு துண்டை வெட்டி, டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள்: வழவழவென்று உப்பி, விரலால் இழுத்தால் பிய்யாமல் நீளும். பேராசையோடு விழுங்கும் நாயின் தொண்டையிலோ வயிற்றிலோ அப்படி ஒரு துண்டு இருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. கொடுத்தே தீருவேன் என்பவர்கள், நாயின் வாயை விடப் பெரியதாக வாங்கி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, விழுங்கும் அளவுக்குச் சிறுத்ததும் வாங்கிவிட வேண்டும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஏனெனில் இவற்றில் சால்மொனெல்லா கிருமி இருக்கக் கூடும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பைத் தாத்தா காலத்திலிருந்து நாய்க்குத்தான் போடுகிறோம். எதுவும் ஆனதில்லை. அதைவிடப் பொம்மை உயர்ந்ததா?
— வாசகர், ஆற்காடு

தாத்தா காலத்து நாய் எதனால் செத்தது என்று யாரும் வயிற்றைத் திறந்து பார்க்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். வெந்த எலும்பு ஈரம் இழந்து, கடித்ததும் ஊசி ஊசியாகச் சிதறும். கோழி எலும்பும் அப்படித்தான், ஆட்டு எலும்பும் அப்படித்தான். குத்தாமல் தப்பினாலும் பொடியாகிச் சுண்ணாம்பு போல இறுகி, நாய் மலம் கழிக்க முடியாமல் முக்கிக்கொண்டு வந்து நிற்பதைத் திங்கட்கிழமைகளில் பார்க்கிறேன். நல்லி எலும்பில் இன்னொரு தொல்லை உண்டு. உள்ளே இருக்கும் ஊனை நக்கும்போது அந்த வளையம் கீழ்த்தாடையில் ஏறிக் கோரைப் பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். மயக்க ஊசி போட்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மேலும் பிரியாணி மசாலாவில் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

எலும்பை மட்டும் குறை சொல்வது முறையாகாது. என் வீட்டு நாட்டு நாய் ஒரு கோடையில் குப்பையிலிருந்து மாங்கொட்டையை எடுத்து முழுதாக விழுங்கிவிட்டு, மூன்று நாள் வாந்தியோடு கிடந்து, கடைசியில் அறுவை செய்துதான் பிழைத்தது. மருத்துவர் வீட்டிலேயே குப்பைக் கூடைக்கு மூடி இல்லை.

நான் தறி வேலை செய்கிறேன். மிச்ச நூலை முறுக்கிப் பெரிய முடிச்சாகப் போட்டுக் கொடுத்தேன். நாய் அதில் பாதியைக் காணோம் என்று செய்துவிட்டது. நேற்று மலத் துவாரத்தில் நூல் தொங்குவது போல் தெரிந்தது. இழுத்து எடுத்துவிடலாமா?
— வாசகர், குடியாத்தம்

இழுக்கவே கூடாது. உங்களுக்கு இந்தப் பதிலை இதழ் வருவதற்கு முன்பே தனியாக அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நூலின் ஒரு முனை எங்கோ சிக்கியிருக்க, குடல் மறுமுனையைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; அப்போது சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போலக் குடல் மடிப்பு மடிப்பாகக் குவிந்து, நூல் அதை உள்ளிருந்தே அறுக்கத் தொடங்கும். நீங்களும் வெளியிலிருந்து இழுத்தால் அந்த அறுப்பு விரைவுபடும். வாயில் தொங்கினாலும் இதே விதிதான். நாய் சாப்பிடாமல், வாந்தி எடுத்து, வயிற்றைத் தொட்டால் முனகினால் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தருவார்கள், மூன்று மணி நேரப் பயணத்துக்குத் தயங்க வேண்டாம். கயிற்றுப் பொம்மையை நீங்கள் ஒரு முனையைப் பிடித்து இழுத்து விளையாடலாம். விளையாட்டு முடிந்ததும் அது ஆணியில் தொங்க வேண்டும். நாயோடு தனியே விடக் கூடாது.

பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கலாமா?
— வாசகி, ராணிப்பேட்டை

2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயமானது குழந்தைகளின் பொம்மைகளுக்கு. நாய்ப் பொம்மைகள் அதில் வருவதில்லை. குழந்தைப் பொம்மையை நாய்க்குக் கொடுப்பதும் சரியான வழி அல்ல, ஏனெனில் பொத்தான் கண்ணையும், உள்ளிருக்கும் பஞ்சையும், கீச்சென்று சத்தமிடும் குப்பியையும் நாய் பிய்த்தெடுத்து விழுங்கிவிடும். ஆகவே நகம், மூக்கு, ஈரம் தோய்த்த வெள்ளைத் துணி, இம்மூன்றையும்தான் நம்ப வேண்டும். துணியில் சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள்.

தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடித் தொலைக்கும் டென்னிஸ் பந்துகளை எங்கள் நாய் சேர்த்து வைத்திருக்கிறது. கடிக்க விடலாமா?
— வாசகர், வாலாஜாபேட்டை

வீசினால் ஓடி எடுத்து வரட்டும். படுத்துக்கொண்டு மெல்ல விடாதீர்கள். மேலிருக்கும் ரோமத்தில் மண் ஏறிவிட்டால் அது உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும், ஓராண்டில் கோரைப் பல்லின் முனை மழுங்குவதைப் பார்க்கலாம். பெரிய நாயாக இருந்தால் பந்தே தொண்டையில் போய் அடைக்கும். அப்படி அடைத்துவிட்டால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் பந்து இன்னும் உள்ளே போகும். நாயின் வாயைத் திறந்து பிடித்தபடி, கழுத்தில் தாடைக்குக் கீழே பந்து தட்டுப்படும் இடத்துக்குப் பின்னால் இரு கட்டைவிரல்களையும் வைத்து முன்னோக்கித் தள்ளுங்கள். பந்து வெளியே வந்த பிறகும் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.