கேள்வி-பதில்: கடலூர்–புதுச்சேரி சாலைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: வீடு திருப்பாதிரிப்புலியூரில், வேலை புதுச்சேரி மிஷன் வீதியில். தினமும் போய்வர வேண்டும். மாருதி ஆல்ட்டோவை விற்றுவிட்டு, ஆசைக்கு ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறேன். மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற, கூரை திறக்கும் இரண்டு இருக்கை வண்டி என் நீண்டநாள் கனவு. எல்லாச் செலவும் சேர்த்து 12 லட்சம் ரூபாய் வரை முடியும். பிரான்சில் இருக்கும் சித்தப்பா தன்னுடைய ஆறு வருடப் பழைய சிறிய காரைக் கப்பலில் அனுப்பிவைப்பதாகவும் சொல்கிறார். மனைவியும் ஐந்து வயது மகளும் உண்டு. எதை வாங்கலாம்? புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி மிச்சம் என்கிறார்களே?

பதில்: முதலில் சித்தப்பாவுக்கு நன்றி சொல்லி, காரை அங்கேயே விற்கச் சொல்லிவிடுங்கள். பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய வேண்டுமானால் அது தயாராகி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். பிரான்சு வண்டியின் ஸ்டீயரிங் இடப்பக்கம். இரண்டு விதியிலும் அது தோற்றுவிட்டது. தப்பித்தவறி ஜெயித்திருந்தாலும் சுங்க வரியே காரின் விலையைத் தாண்டியிருக்கும். புதுச்சேரியில் பிரான்சு உறவு இல்லாத தெருவே இல்லை என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

மஸ்டா கனவையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். 1989 முதல் விற்பனையில் இருக்கும் அருமையான வண்டிதான். எடை சுமார் ஒரு டன், பின்சக்கர இழுவை, சின்ன உடம்பு. ஆனால் மஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை. விற்றாலும், மகளைப் பள்ளியில் விட நேரும் நாளில் மனைவி எங்கே உட்காருவார்?

ஆக, உங்கள் தொகைக்கு இங்கே ஸ்போர்ட்ஸ் கார் என்றால் டர்போ பெட்ரோல் இன்ஜின் வைத்த ஹேட்ச்பேக் (டிக்கி தனியாக நீளாத சிறிய கார்) என்றுதான் பொருள். என் தேர்வு ஹூண்டாய் ஐ20 என் லைன், கீழ் வகை, ஆறு கியர் மேனுவல். 998 சிசி, 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் பலம்), நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். ஐரோப்பாவில் ‘ஐ20 என்’ என்று விற்ற 204 குதிரைத்திறன் வண்டி இது அல்ல. இணைய வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இருந்தாலும், உங்கள் சாலைக்கு 204 எதற்கு?

அந்தச் சாலையைத்தான் நீங்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். ஆல்பேட்டை தாண்டினால் பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர் விட்டால் ஊர். ஐந்தாவது கியர் போட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்த வேகத்தடை வந்துவிடும். இங்கே ஒரு காரின் சுறுசுறுப்பு 140 கி.மீ. வேகத்தில் தெரிவதில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துவிட்டு, வழி கிடைத்ததும் இரண்டாவது கியரிலேயே முந்தும் அந்த நான்கைந்து விநாடிகளில்தான் தெரியும். இந்த இன்ஜினின் முழு முறுக்குவிசையும் நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலேயே வந்துவிடுவது அதற்குத்தான் உதவும்.

எனவே டெஸ்ட் டிரைவுக்கு விற்பனையாளர் காட்டும் காலியான புறவழிச்சாலை வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு, நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில், போகும் வழியிலேயே ஓட்டிப்பாருங்கள். மனைவி, மகளோடு இன்னொருவரையும் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இருப்பதிலேயே உயரமான வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ரேடியோவை அணைத்துவிட்டு அடிப்பக்கம் உரசும் ஓசை வருகிறதா என்று கேளுங்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று விளம்பரம் சொல்வதைவிட இந்தச் சோதனை நம்பகமானது. சஸ்பென்ஷன் சாதாரண ஐ20-ஐவிட இறுக்கம்; பின்னிருக்கையில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதையும் காதில் வாங்குங்கள். டயர் அளவு 195/55 ஆர்16. பக்கச்சுவரின் உயரம் பதினோரு சென்டிமீட்டர்கூட இல்லை. அழகுக்காக இன்னும் பெரிய சக்கரம் மாட்டினால், மழைக்காலப் பள்ளம் ஒன்றே போதும், அலாய் வளைந்துவிடும்.

ஏழு கியர் தானியங்கி வகையும் உண்டு. எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் என்பதால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடேறும். முழங்கால் வலி இல்லாதவருக்கு மேனுவலே என் சிபாரிசு, விலையும் குறைவு.

அந்த விலை வித்தியாசம் வரியிலும் பேசும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய வாழ்நாள் வரி, ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 9.90 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,28,700. அதுவே 10.10 லட்சமானால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் கூடுதல் வசதிக்கு ஐம்பத்து மூவாயிரம் வரி! போதாததற்கு, பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் கையில் இருக்கும் பணம் முதலில் போகும். மேல் வகையில் சன்ரூஃப் உண்டு. கனவில் கூரை திறந்தது என்பதற்காக அதில் மயங்கிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 என்பதும் இந்த வண்டிக்குச் சாதகம். மூன்றாம் நபர் காப்பீடும் 1,000 சிசிக்குள் என்பதால் ஆண்டுக்கு 2,094 ரூபாய்தான். அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416.

புதுச்சேரிப் பதிவு: வேண்டாம். அங்கே வரி குறைவு என்பது உண்மை. ஆனால் நீங்கள் குடியிருப்பது கடலூரில், இரவு கார் நிற்பதும் கடலூரில். நண்பர் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிப் பதிவு செய்யலாம் என்று சொல்பவர், பிறகு நோட்டீஸ் வரும்போது உடன் வரமாட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். போலி முகவரியில் புதுச்சேரிப் பதிவு எண் வாங்கிய சொகுசு கார்க்காரர்கள் மீது 2017-ல் கேரளத்தில் வழக்குகளே பாய்ந்தன. பெட்ரோலை வேண்டுமானால் தாராளமாகப் புதுச்சேரியில் நிரப்பிக்கொள்ளுங்கள். லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, சட்டமும் தடுக்காது.

கேள்வி: லாஸ்பேட்டையில் ஒருவர் 2016 போக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ விற்கிறார். விலை மலிவு, வண்டி பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஓட்டுவதற்குச் சுகமான வண்டி. 105 குதிரைத்திறன், உறுதியான உடல், ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கிக் கியர்பெட்டி. அந்தக் கியர்பெட்டி பழுதானால் செலவு கையைக் கடிக்கும் என்பதால் நிறுவன சர்வீஸ் மையத்தில் பரிசோதனை அறிக்கை வாங்காமல் முன்பணம் தராதீர்கள். இந்திய போலோ உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டது. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்து வடிவமைத்த வண்டியும் அல்ல.

ஆனால் புதுச்சேரியில் பழைய கார் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 2024 நவம்பர் 30 அன்று இந்த வண்டி எங்கே நின்றது? ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, நகரின் பல பகுதிகள் மூழ்கின. முன் இருக்கை சீட் பெல்ட்டைச் சுருளின் அடிவரை இழுத்துப் பாருங்கள். இருக்கையையும் கம்பளத்தையும் கழுவியவர் பெல்ட்டின் கடைசி ஒரு சாணைக் கழுவ மறந்திருப்பார். சேற்றின் கோடு அங்கே அப்படியே நிற்கும். ஸ்டெப்னி குழியையும் இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்காற்றில் துரு எல்லா வண்டிக்கும் வரும்; உள்ளே, இருக்கைக்கு அடியில் வரும் துரு வேறு கதை. பழைய காப்பீட்டு ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். வருடா வருடம் ஏறிக்கொண்டே வந்த நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குத் தரும் தள்ளுபடி) 2025 புதுப்பிப்பில் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், பூஜ்யமானதற்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: கார் முன்பதிவுக்கு 11,000 ரூபாய் கட்டினேன். ஷோரூமிலேயே காப்பீடும் முப்பதாயிரத்துக்கு உதிரி அலங்காரப் பொருள்களும் வாங்கினால்தான் வண்டி என்கிறார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாதாம்.

பதில்: காப்பீட்டை எந்த நிறுவனத்திலும் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, அலங்காரப் பொருள்களைத் திணிக்கவும் முடியாது. வாய்ப்பேச்சை விட்டு, இந்த நிபந்தனையை மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் தரமாட்டார்கள், நிபந்தனையும் காணாமல் போகும். போகாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டு அவகாசம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் போல உறுமும் சைலன்சர் மாட்டலாமா?

பதில்: கூடாது. தயாரிப்பாளர் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. வாரன்டியும் சிக்கலாகும். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் புதுச்சேரிப் பாட்டில் தேடி டிக்கியைத் திறக்கச் சொல்லும் காவலர்களுக்கு, தூரத்திலிருந்தே உறுமி நீங்களே தகவல் கொடுப்பானேன்?