பழைய சாமான், பழுது, கொஞ்சம் பேச்சு: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரை சிம்மக்கல் பக்கம் 31 வருடமாகப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, குக்கர், ஃபேன், தையல் மெஷின் எல்லாம் கைக்கு வரும். இன்று கடை லீவு. நிதானமாகக் கேளுங்கள்.

செல்லூரிலிருந்து: அண்ணே, மிக்ஸி கப்ளர் வருஷத்துக்கு இரண்டு தடவை உடைகிறது. இரும்பிலேயே போட்டுவிடலாமா?

வேண்டாம்மா. மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர் உடைவதற்காகவே இருக்கிறது. ஜாரில் மஞ்சள் கிழங்கு மாதிரி ஏதாவது சிக்கி பிளேடு நின்றால், அந்த ரப்பர் பல் பிய்ந்துபோய் மோட்டாரைக் காப்பாற்றும். இரும்பு போட்டால் அடுத்தது மோட்டார்தான் போகும். ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு என்பது அதிகம். ஜாரைக் கவிழ்த்து அடித் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் குற்றவாளி அந்தத் தண்டைத் தாங்கும் ஜார் புஷ்தான்.

திருமங்கலம்: ஆச்சி காலத்துப் பித்தளை அண்டா. உள்ளே ஈயம் போய்விட்டது. சமைக்கலாமா?

தண்ணீர் பிடித்து வையுங்கள், போதும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளியோ மோரோ பட்டால் களிம்பு ஊறும். ஈயம் பூசிவிட்டால் இன்னொரு தலைமுறைக்கு வரும்.

பூசுகிறவர் அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுற்றுத் துடைப்பார். மங்கிக் கிடந்த உள்பக்கம் வெள்ளி மாதிரி பளீரென்று ஆகிவிடும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நின்று வேடிக்கை பார்க்காமல் என்னால் நகர முடியாது. பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்தால் விஷம். சுத்த வெள்ளீயக் குச்சியை வளைத்தால் மெல்ல நறநறவென்று சத்தம் வரும். பூசச் சொல்வதற்கு முன் வளைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், வெறும் அண்டாவை அடுப்பில் ஏற்றாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை.

ஒத்தக்கடை: காந்தம் ஒட்டாத எவர்சில்வர்தான் நல்லதாமே?

பாதி உண்மை. 304 என்கிற ரகத்தில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ரகத்திலும் ஒட்டாது. உப்பிலும் புளியிலும் 202 சீக்கிரம் புள்ளி விழும். பாத்திரத்தின் அடியில் எண் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

மேலூர்: அப்பா வாங்கிய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.

முதலில் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். அதற்கும் சரிவராவிட்டால் பேரிங்.

என் பிழைப்பைக் கெடுக்கிற ஒரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். எலக்ட்ரானிக் போர்டு வைத்த புது பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட்டில் ஓடும். தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் மிச்சம். ஹாலுக்குப் புதுசு போடுங்கள், பழசு மாடி அறையில் இருக்கட்டும். வாங்கும்போது வாரண்டியை விட்டுவிட்டு, ‘ஐந்து வருஷம் கழித்து போர்டு தனியாகக் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாடிப்பட்டி: இருபது வருஷ குக்கர்...

கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் மாற்றினால் ஓடும். அடி உப்பியிருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது.

உசிலம்பட்டி: அமெரிக்காவில் நூறு வருஷமாக ஒரு பல்பு எரிகிறதாமே, நிஜமா?

நிஜம்தான் தம்பி. கலிஃபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901-இலிருந்து எரிகிறது. ஆனால் இப்போது நாலு வாட் அளவுக்குத்தான் வெளிச்சம், அணைப்பதும் அபூர்வம். அதன் கீழே உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்ட முடியாது. 1924-இல் பல்பு கம்பெனிகள் கூடி ஆயிரம் மணி நேரம் எரிந்தால் போதும் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் உண்மை.

அனுப்பானடி: தாத்தா புதுமண்டபத்தில் தைத்த மிதி மெஷின். பத்து வருஷமாகச் சும்மா கிடந்தது, சக்கரம் அசையவில்லை.

தேங்காய் எண்ணெய் விட்டிருப்பீர்கள், அது பிசினாகி இறுகியிருக்கும். எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் சக்கரத்தை மெல்ல அசையுங்கள். அசைந்தால் துடைத்துவிட்டு மெஷின் ஆயில். அசையாவிட்டால் தலையை மட்டும் கழற்றிக் கடைக்குக் கொண்டுவாருங்கள், ஸ்டாண்டு வேண்டாம். போன தடவை ஒருவர் ஸ்டாண்டோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.